நடுவுக்கு ஓடும் குச்சி

சாப்பாட்டு மேஜையின் மேல் வெள்ளைத் துணி விரித்துப் பிணத்தைக் கிடத்தியிருந்தார்கள். ஓர் ஆள் நீளம். தலை நசுங்கியிருந்தது. வால் முறிந்து தனியாகக் கிடந்தது.

“எப்ப எடுக்கறாங்க?” என்று ஆணி மெல்லக் கேட்டான்.

செக்கரம்மா அவன் காலை மிதித்தார்.

பிணம் என்றது ஒரு ஹெலிகாப்டரை. நிஜ ஹெலிகாப்டரை அச்சுப் பிசகாமல் சுருக்கி, ரிமோட் வைத்துப் பறக்கவிடுகிற சாதி. செய்தவர் அந்த வீட்டுக்காரர், பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயில் ஓட்டை போடுவார். ஞாயிற்றுக்கிழமை வானத்தில் போடுவார். ஹெலிகாப்டர் கிளப்புக்கு அவர்தான் தலைவர்.

செக்கரம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது உண்மை எடுக்காமல் பயணம் செய்கிறவர்களைப் பிடிக்கிறார். ஆணி மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு அவரிடம் ஒட்டிக்கொண்டவன். உடம்பு கம்பி, தலை மட்டும் தடித்திருக்கும். பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

“இந்தப் பொம்மை எப்படி சார் விழுந்தது?” என்றான் ஆணி.

டாக்டரின் மூக்கு விடைத்தது. “பொம்மை இல்ல. ஸ்கேல் மாடல்.”

“மன்னிச்சிடுங்க. பிள்ளைங்க வெச்சிருந்தா பொம்மை, பெரியவங்க வெச்சிருந்தா மாடல். புரியுது.”

“ஒவ்வொரு ரிவிட்டும் ஊசி முனையில பசை எடுத்து நான் வெச்சது. நிஜ மெஷின்ல எத்தனையோ, இதுலயும் அத்தனை.”

“யாரு சார் எண்ணிப் பார்ப்பாங்க?”

“எண்ணுவாங்க. எங்க கிளப்ல எண்ணறவங்க இருக்காங்க.”

“பாவம், கல்யாணம் ஆகாதவங்களா?”

டாக்டரின் மனைவி சிரிப்பை முந்தானையில் துடைத்தாள். செக்கரம்மாவை வரவழைத்தது அவள்தான். கணவருக்கு அதில் சம்மதமே இல்லை. வேண்டாம் என்று சொல்லத் துணிச்சலும் இல்லை.

ஆணி குனிந்து, இயந்திரத்தின் முதுகில் படிந்திருந்த கறுப்பைத் தொட்டுப் பார்த்தான். “விழுந்ததுல தீப்பிடிச்சுதா?”

“இல்ல, அந்தக் கறையை நான் வரைஞ்சேன். நிஜ மெஷின்ல புகை போற இடத்துல அப்படித்தான் இருக்கும்.”

ஆணி விரலைத் துடைத்துக்கொண்டான். இந்த உலகத்தில் அழுக்கைப் போக்கிப் பிழைக்கிறவன் இருக்கிறான்; உட்கார்ந்து அழுக்கை வரைய நேரம் கிடைத்தவனும் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை.

நசுங்கிய மூக்குக்குள்ளே பைலட் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. டாக்டரின் அதே மூக்கு, அதே மீசை. செயற்கைப் பல் செய்கிற பொருளிலேயே முப்பத்திரண்டு பல்லும் வைத்திருந்தார். மண்ணில் குத்தி நொறுங்கிய பிறகும் அது பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கையில் இம்மி அளவு குச்சி ஒன்று.

“நடந்ததைச் சொல்லுங்க” என்றார் செக்கரம்மா.

சொன்னார். போன ஞாயிறு கிளப்பில் விழா. தலைமை விருந்தினர் வந்திருந்தார். மைதானத்தின் நடுவே டாக்டர் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்க, ஹெலிகாப்டர் வானத்தில் அசையாமல் நின்றது. திடீரென்று கல் மாதிரி விழுந்தது. எல்லோரும் அதை நோக்கி ஓடினார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்ற, கறுப்புத் திரை போட்ட பழைய வேனிலிருந்தும் ஒருவன் ஓடி வந்தான். அவன் டாக்டரின் மைத்துனன். கையில் இன்னொரு ரிமோட்.

“என் மெஷினை நடுவானத்துல அவன் பிடுங்கிட்டான். பிடுங்கிக் கீழ போட்டான். முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை.”

“எதுக்குச் சண்டை?”

“குடும்ப விஷயம்.”

டாக்டர் மைத்துனனின் ரிமோட்டை எடுத்து முடுக்கினார். மேஜை மேல் கிடந்த பிணம் விசுக்கென்று இறக்கையின் அடியை முறுக்கியது. ஆணி இரண்டு அடி பின்னால் போனான்.

“பாத்தீங்களா? என் மெஷின் அவன் ரிமோட்டுக்கு ஆடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“உங்க ரிமோட்டுக்கு ஆடுதா?” என்றார் செக்கரம்மா.

“அதுவா... விழுந்த அதிர்ச்சியில அதையும் கீழ போட்டுட்டேன். வேலை செய்யல.”

அலமாரியில் அந்த ரிமோட் வெல்வெட் துணியில் படுத்திருந்தது. ஆணி எடுத்துப் பார்த்தான். கீறல் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு குச்சிகள். இடதைத் தள்ளிவிட்டான், டிக்கென்று நடுவுக்கு ஓடி வந்தது. வலதைத் தள்ளினான், அதுவும் டிக்.

“நல்ல பிள்ளைங்க மேடம். விளையாட விட்டாலும் வீட்டுக்கு ஓடி வந்துடுதுங்க.”

“இதை நாங்க கொஞ்சம் எடுத்துட்டுப் போகலாமா டாக்டர்?”

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். “எடுத்துட்டுப் போங்க. ஆனா சாயங்காலம் கிளப் கூட்டத்துக்குள்ள வந்துடணும். அவனை நீக்கப் போறோம்.”

வாசல் வரைக்கும் டாக்டரின் மனைவி வந்தாள். “நீக்கினா இந்த வீட்டுப் படியும் ஏறக்கூடாதுங்கறார். மாடியில என் தம்பி பெட்டி கட்டிட்டு இருக்கான். அவன் வேணும்னு செஞ்சிருந்தா நானே அந்தப் பெட்டிய தூக்கி வாசல்ல வெக்கறேன். இல்லேன்னா...” அவள் முடிக்கவில்லை. உள்ளே, கணவர் இருந்த பக்கம் பார்த்தாள்.

“உங்களுக்கு உண்மை வேணுமா, தம்பி வேணுமா?” என்றார் செக்கரம்மா.

“உண்மைதான் வேணும். அது நாலு பேருக்கு முன்னால வந்தாலும் சரி.”

ஸ்கூட்டரில் ஏறும்போது செக்கரம்மா சொன்னார்: “டிக்கெட் இருக்கறவன் என் முகத்தைப் பார்ப்பான். இல்லாதவன் ஜன்னலைப் பார்ப்பான்.”

“அப்போ டாக்டர் வித்தவுட்டா மேடம்? மெஷின் அவருது, நஷ்டம் அவருது. அவர் எதுக்கு ஜன்னலைப் பார்க்கணும்?”

“அதைத்தான் கேட்கப் போறோம். வண்டிய எடு.”

மாடல் விற்கிற கடை ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கூரையிலிருந்து விமானங்கள் தொங்கின. கடைக்காரர் பருத்த மனிதர். விரல் மட்டும் தையற்காரன் விரல்போல மெலிந்திருந்தது. டாக்டர் பெயரை எடுத்ததும் அவருக்கு வாய் ஊறியது.

“என் மெஷினை ஒரு தடவை போட்டியிலேர்ந்து தள்ளி வெச்சாரு. எதுக்குத் தெரியுமா? சீட் பெல்ட்ல தையல் தப்பான பக்கம் சாய்ஞ்சிருக்காம். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாரு.”

“பறக்கும்போது யாரு பெல்ட்டைப் பாக்கப் போறாங்க?”

“அதைக் கேட்டதுக்கு, ‘உண்மைங்கறது யாரும் பாக்காதப்பவும் இருக்கணும்’னாரு.”

செக்கரம்மா நோட்டம் விட்டபடியே கேட்டார்: “ஒருத்தர் பறக்க விட்டுக்கிட்டு இருக்கற மெஷினை இன்னொருத்தர் தன் ரிமோட்டால நடுவானத்துல பிடுங்க முடியுமா?”

“முடியாதுங்க. ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா? தரையில வெச்சு, ஒரு மெஷினை ஒரு ரிமோட்டோட சேர்க்கணும். சேர்த்தா அது சொல்றதை மட்டும்தான் கேட்கும். அடுத்த ரிமோட்டைத் திரும்பிக்கூட பாக்காது.”

“அப்போ மெஷின் இப்ப மச்சான் ரிமோட் சொன்னபடி ஆடுதுன்னா?”

“கிளம்பறதுக்கு முன்னாடியே அதோட சேர்ந்திருக்கணும்.”

“சேர்ந்திருந்தா டாக்டர் ரிமோட்டால அதைக் கிளப்பவே முடியாதே?” என்றான் ஆணி.

“முடியாதுதான்” என்றார் கடைக்காரர் மெதுவாக. “ஆனா கிளம்பிச்சே. நாங்க எல்லாரும் பாத்தோமே.”

கண்ணாடிப் பெட்டி மேல் ஒரு ரிமோட் இருந்தது. சும்மா இருக்காத ஆணி அதன் குச்சியைத் தள்ளினான். இடது குச்சி தள்ளிய இடத்திலேயே நின்றது.

“அண்ணே, இதுல ஸ்பிரிங் போயிடுச்சு.”

“போகல. நாங்கதான் கழட்டுவோம். ஹெலிகாப்டருக்கு ஏத்தி இறக்கற குச்சி விட்ட இடத்துல நிக்கணும். அது நடுவுக்கு ஓடி வந்தா, தரையில இறக்கிட்டு விரலை எடுத்ததும் மெஷின் மறுபடி எம்பும். முதல் நாள் கத்துக்கறவனுக்கும் அதான் முதல் பாடம்.”

“கழட்ட மறந்தா?”

“மறந்தா ஒரு தடவைகூட ஒழுங்கா இறக்க முடியாது. உள்ளே ஒரே ஒரு ஸ்பிரிங்குங்க. கழட்டறதுக்குப் பல் குத்தற நேரம்தான் ஆகும்.”

ஆணி தன் தோளில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே வெல்வெட்டில் சுற்றிய ரிமோட். நல்ல பிள்ளைகள் இரண்டும் வீட்டுக்கு ஓடி வந்தது நினைவுக்கு வந்தது. அவன் பெரிய தலைக்குள் ஏதோ அரைகுறையாக இறங்கியது. ஓங்கி இன்னும் ஒரு அடி விழ வேண்டியிருந்தது.

“அந்த மெஷினோட கடைசிப் படம் பாக்கறீங்களா?” கடைக்காரர் போனை நீட்டினார். “விழறதுக்கு ஒரு நொடி முன்னாடி எடுத்தது. கிளப்ல பாதிப் பேர் இதைத்தான் துக்கத்துக்கு வெச்சிருக்கோம்.”

நீல வானத்தில் ஹெலிகாப்டர் நிமிர்ந்து நின்றது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. கீழே, தலைமை விருந்தினரும் டாக்டரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆணி ரிவிட்டைத் தேடினான். செக்கரம்மா வேறு எதையோ வெகுநேரம் பார்த்தார்.

“இதை எனக்கு அனுப்புங்க” என்றார். குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை ஆணிக்குத் தெரியும். கழிப்பறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் வருகிற குரல்.

டாக்டர் வீட்டு மாடி அறையில் மைத்துனன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அடுத்தவருக்கு ஆபத்து வரும் என்று சொல்லியே பிழைக்கிறவன். தன் தலைக்கு வந்ததை மட்டும் கவனிக்கவில்லை. அக்கா வாசல்படியில் நின்றாள்.

“நான்தான் போட்டேன்” என்றான், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

அக்காவின் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

“கோவத்துலயா?” என்றார் செக்கரம்மா.

“ஆமா. எழுதிக்கோங்க.”

“நான் எழுதற ஆள் இல்ல, ஓட்டை போடற ஆள். முந்தின நாள் என்ன சண்டை?”

“ஒரு தடவை மைக்குல என் பேரைச் சொல்லச் சொன்னேன். அத்தான் முடியாதுன்னுட்டார்.”

“உன் பேரை எதுக்குடா சொல்லணும்?” என்றாள் அக்கா.

அவன் சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான்.

“ஒரே கேள்வி” என்றார் செக்கரம்மா. “அது விழறப்ப வேன்லேர்ந்து எதைப் பாத்துட்டு இருந்தீங்க? மெஷினையா, அத்தானையா?”

“மெஷினைத்தான் பாக்கணும். கண்ணை எடுக்கவே கூடாது. ஆனா அன்னிக்கு அத்தான்...” சட்டென்று வாயை மூடினான். “மெஷினைத்தான் பாத்தேன்.”

“சரி. பெட்டியைப் பூட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுச் செக்கரம்மா இறங்கினார்.

படியில் ஆணி கிசுகிசுத்தான்: “மேடம், அவனே ஒத்துக்கிட்டானே! கேஸ் முடிஞ்சுது. அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?”

“சில பேர் டிக்கெட் வெச்சிருந்தும் அபராதம் கட்டுவாங்க, ஆணி. பக்கத்து சீட்டுக்காரரைக் காப்பாத்த.”

கிளப் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. எல்லோரும் பெரிய மனிதர்கள். எல்லோர் சட்டைப் பையிலும் குட்டி ஸ்க்ரூ டிரைவர். சுவரில் கோப்பைகள். பாதிக்கு மேல் டாக்டருடையவை. மைத்துனன் கடைசி வரிசையில், பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அக்கா.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். “நம்ம கலைக்கு உயிர், உண்மை. அந்த உண்மையின் முதுகுல ஒருத்தர் குத்தியிருக்கார். அவர் என் சொந்தக்காரர்ங்கறதால நான் தயங்க மாட்டேன்...” கைதட்டல் எழுந்தது.

“நடுவுல குறுக்கிடறேன்” என்று செக்கரம்மா எழுந்தார். “ஆணி, அந்த ரிமோட்.”

ஆணி வெல்வெட்டைப் பிரித்து, ரிமோட்டை உயர்த்திப் பிடித்தான்.

“இது டாக்டரோடது. இதாலதான் பறக்க விடறதா நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க. ஆணி, ஏத்தற குச்சியைத் தள்ளு.”

தள்ளினான். விட்டான். டிக்.

அப்புறம் முன் வரிசையில் ஒரு வழுக்கைத்தலை எழுந்து, நெஞ்சில் கை வைத்து, நடுங்கும் குரலில் கேட்டது:

“ஸ்பிரிங்கைக் கூடக் கழட்டலையா?”

கூடம் முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. ஸ்பிரிங், ஸ்பிரிங். தகப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளையே வந்து சொன்ன மாதிரி ஆயிற்று. டாக்டர் ஜன்னலைத் தேடினார். அந்தக் கூடத்தில் ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“இதால எதையும் பறக்க விட முடியாது” என்றார் செக்கரம்மா. “ஆயிரம் ரிவிட்டை ஒண்ணொண்ணா வெச்ச மனுஷன் இந்த ஒரு ஸ்பிரிங்கை ஏன் விட்டார்? தேவைப்படல. ரெண்டாவது ரிமோட்டால மெஷினைப் பிடுங்கினாங்கன்னு டாக்டர் சொல்றார். ரெண்டாவது ரிமோட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. என்னிக்குமே ஒண்ணுதான். அது வேனுக்குள்ள, திரைக்குப் பின்னாடி இருந்தது.”

ஆணியின் தலையில் கடைசி அடி விழுந்தது. “பின்னணிப் பாட்டு!” என்று கத்திவிட்டான். “முன்னாடி நிக்கறவர் வாயசைக்கறார். பாடறது வேற ஆளு. இது விரலசைப்பு!”

“பொய்!” என்றார் டாக்டர்.

“அப்ப ஒண்ணும் வேண்டாம் சார்” என்றான் ஆணி. “கடைக்கார அண்ணன் கத்துக்கறவங்க மெஷின் ஒண்ணு கொண்டு வந்திருக்கார். தரையிலேர்ந்து ஒரு முழம் தூக்கிக் காட்டுங்க.”

“உள்ளே பறக்க விடக்கூடாது. விதி இருக்கு.”

“வெளியே போலாம்.”

“காத்து அதிகம்.”

வாசலில் ஓர் இலைகூட ஆடவில்லை. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மீசைக்குக் கீழே முகம் சுருங்கிப்போயிருந்தது. “மெஷின் மூக்கைத் திருப்பி என்னைப் பாத்தா...” என்றார். “எனக்கு இடது வலது மாறிடுது.”

“வாய்க்குள்ள கண்ணாடியை விட்டு, எல்லாத்தையும் தலைகீழாப் பாத்தே பல்லைப் பிடுங்கறவர் சார் நீங்க!” என்றான் ஆணி.

“பல் என்னைப் பாத்து வராதே” என்றார் டாக்டர் பரிதாபமாக.

“எல்லாம் சரி” என்றார் வழுக்கைத்தலை. “கடைசியில கீழ போட்டது அந்த வேன்காரர்தானே? அதுக்கு என்ன சொல்றீங்க?”

கடைசி வரிசையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“உங்க போனை எடுங்க. துக்கத்துக்கு வெச்சிருக்கீங்களே, அந்தப் படத்தைப் பாருங்க” என்றார் செக்கரம்மா. “மேல வேண்டாம். கீழ பாருங்க. டாக்டரோட கை எங்க இருக்கு?”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் குனிந்தார்கள். ரிவிட் எண்ணத் தெரிந்தவர்களுக்கு இரண்டு கையை எண்ண அவ்வளவு நேரம் பிடித்தது.

தலைமை விருந்தினரின் கையை டாக்டர் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ரிமோட் அவர் வயிற்றில் அநாதையாகத் தொங்கியது. மேலே ஹெலிகாப்டர் குத்துக்கல் மாதிரி நின்றது.

“பெரிய மனுஷரைப் பாத்த சந்தோஷத்துல டாக்டர் தன் பாட்டை மறந்துட்டார். வாயை மூடிட்டார், பாட்டு ஓடிட்டு இருக்கு. வேன்லேர்ந்து மச்சான் பாத்துட்டார். இன்னும் ஒரு நொடி மெஷின் மேல நின்னா ஊரே பாக்கும். விழுந்தா, கையை விட்டதால விழுந்துதுன்னு நினைப்பாங்க. மானம் தப்பிக்கும்.” செக்கரம்மா கடைசி வரிசையைப் பார்த்தார். “சரிதானே?”

மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “கோவம் இருந்தது. பொய் சொல்லல. ஆனா அந்த நேரத்துல அத்தானோட முகம்தான் முன்னால வந்தது. போட்டுட்டேன். அப்புறம் மெஷினைப் பாக்க மனசு தாங்காம, ரிமோட்டைக்கூட வெக்காம ஓடி வந்துட்டேன்.”

“அந்த ரிமோட்டைப் பாத்ததும் டாக்டர் திருடன் திருடன்னு கத்தினார்” என்றார் செக்கரம்மா. “ஒரே முகத்தைக் காப்பாத்த ரெண்டு பேர். ஒருத்தர் மெஷினைக் குடுத்தார். ஒருத்தர் மச்சானைக் குடுத்தார்.”

யாரும் கை தட்டவில்லை. கடைக்காரர் மட்டும் எழுந்து, “சீட் பெல்ட்ல தையல் சாய்ஞ்சிருக்குன்னு சொன்னீங்களே தலைவரே” என்று ஆரம்பித்தார். முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். அதுவே போதுமாக இருந்தது.

அக்கா தம்பியின் பெட்டியைத் தூக்கினாள்.

“அக்கா, நான் போறேன்.”

“தெரியாமத்தான் கேக்கறேன். மெஷின் அவருது. மானம் அவருது. கோப்பையும் அவருது. நீ யாருதுடா? வாயைத் திறந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

அவனுக்குக் கண் கலங்கியது. அவள் பெட்டியோடு வாசலுக்கு நடந்தாள். வாசலில் வைத்துவிடுவேன் என்று சொன்ன அதே பெட்டி. அதைக் கொண்டுபோய் அந்தப் பழைய வேனின் முன் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். தம்பியிடம் சாவியை நீட்டி, “வீட்டுக்கு ஓட்டு” என்றாள். அப்புறம் தானும் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டர் தயங்கித் தயங்கி வந்து முன் கதவைத் தொட்டார்.

“இங்க இடம் இல்ல” என்றாள் மனைவி. “பின்னால ஏறுங்க. திரை போட்ட இடம் இருக்கு. இவன் இத்தனை நாள் உக்காந்திருந்த இடம்தான். வெயில் படாது, யாரும் பாக்க மாட்டாங்க.”

டாக்டர் ஆணியிடமிருந்து தன் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். அந்தக் கிளப்பில் அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். குனிந்து, தலையை இடித்துக்கொண்டு, கறுப்புத் திரைக்குப் பின்னால் ஏறினார்.

“மேடம்” என்றான் ஆணி, “ரெண்டு பல் டாக்டர்ல, மெஷினுக்குள்ளே குச்சியைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்த பொம்மைதான் ஏதோ கொஞ்சம் ஓட்டியிருக்கு.”

“மாடல்னு சொல்லு” என்றார் செக்கரம்மா.

மைத்துனன் வேனை அலுங்காமல் கிளப்பினான். கிளப்புகிற விதத்திலேயே கைத்திறன் தெரிந்தது. வேன் அவர்களைக் கடந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும்.

டிக். டிக்.